"இவள் பெண்தானா?" என்று மைதானத்தில் கேட்கும்போது: பயிற்சியாளர்களுக்கு ஒரு கையேடு

800 மீட்டர் இறுதி ஓட்டம் முடிந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் மாணவி முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வயது பதினேழு. இரண்டாவதாக வந்தவளை நான்கு விநாடிக்கு மேல் பின்னால் விட்டிருந்தாள். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு தந்தை, அவளுக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "முதலில் இவள் பெண்தானா என்று பாருங்கள்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவளுக்கு மாதாமாதம் மாதவிடாய் வருகிறது, போதுமா?" என்று கத்தினேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு காலணியைக்கூடக் கழற்றாமல் நடந்து போய்விட்டாள். அவளுக்கு அதுவரை மாதவிடாய் வந்ததே இல்லை. அது எனக்குத் தெரியாது. பதினோரு நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை.

நான் 22 ஆண்டுகளாக நடுத்தூர ஓட்டம் பயிற்றுவிக்கிறேன். அதற்கு முன் அதே தூரத்தை ஓடியவள். பெண்கள் பிரிவுக்கு ஓர் எல்லை தேவை என்று உறுதியாக நம்புகிறேன். அந்த எல்லையைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு சிறுமியைப் பலர் முன்னால் கூனிக்குறுக வைப்பது கொடுமை என்றும் அதே உறுதியோடு நம்புகிறேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

கேள்வி வந்த அந்த நிமிடம்

பதில் சொல்லாதீர்கள். "ஆம், பெண்தான்" என்றுகூடச் சொல்லாதீர்கள். இன்று ஒருத்திக்காக நீங்கள் உறுதி சொன்னால், நாளை இன்னொருத்திக்காகச் சொல்லாமல் நிற்கும்போது அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள். மாதவிடாய், மார்பு, குரல், பிறப்புச் சான்றிதழ் என எதையும் ஆதாரமாக எடுத்து நீட்டாதீர்கள். அவை அவளுடைய உடைமை. அவள் சார்பாகச் செலவு செய்ய நமக்கு உரிமை இல்லை.

இப்போது நான் மனப்பாடமாக வைத்திருக்கும் வாக்கியம் இது: "தகுதி பற்றி ஐயம் இருந்தால் போட்டி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். எந்த வீராங்கனையின் உடலைப் பற்றியும் நான் யாரோடும் பேசுவதில்லை." குரலை உயர்த்தாமல் ஒரு முறை சொன்னால் போதும். கேட்பவர்களில் பெரும்பாலோர் எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் போகமாட்டார்கள். போனால், அதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது.

பிறகு மாணவியைக் கூட்டத்திலிருந்து விலக்கி அழைத்துச் செல்லுங்கள். அவள் நம்பும் ஒரு பெண் உடன் இருக்கட்டும். "உனக்கு என்ன காதில் விழுந்தது?" என்பதை மட்டும் கேளுங்கள். "உனக்கு ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். அன்றிரவே தேதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாராவது அவளைப் படம் எடுத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் விவகாரம் முற்றினால் அவளுக்குக் கை கொடுக்கப்போவது அந்தத் தாள்தான்.

சொற்களைப் பிரித்து வையுங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உடலையும் 'பாலினம்' என்கிறோம். ஒருவர் தம்மை யாராக உணர்கிறார், சமூகம் அவரை யாராக நடத்துகிறது என்பதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். செய்தித்தாளில் 'பாலினச் சோதனையில் தோல்வி' என்று படிக்கும் வாசகர், அந்தப் பெண் ஏதோ வேடம் போட்டுப் பிடிபட்டதாகவே நினைத்துக்கொள்கிறார். எந்தச் சோதனைக் குழாயும் பாலினத்தை அளப்பதில்லை. அதில் தோற்பதற்கு அது தேர்வும் இல்லை. உடலைச் சொல்லும்போது நான் 'பால்' என்கிறேன். உணர்வையும் சமூக நிலையையும் சொல்லும்போதுதான் 'பாலினம்'. வசதியும் ஒன்று உண்டு. 'அவர்' என்று எழுதினால் மரியாதையும் கிடைக்கும், யாரையும் எந்தப் பக்கமும் தள்ளாமலும் இருக்கலாம். புகாரோ விளக்கக் கடிதமோ எழுதும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, இரண்டு வேறு மனிதர்களை ஒன்றாகக் குழப்பாதீர்கள். திருநங்கை என்பவர் ஆண் உடலோடு பிறந்து, தம்மைப் பெண்ணாக அறிந்து வாழ்பவர். பால் வளர்ச்சியில் வேறுபாடு உள்ள ஒருவர், அதாவது ஊடுபால் உடலமைப்பு கொண்டவர், பிறந்தபோதே பெண் குழந்தை என்று எழுதப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்து, தன் உடலின் உள்ளமைப்பைப் பற்றி எதுவும் அறியாமலே களத்துக்கு வந்தவராக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் 800 மீட்டர் வீராங்கனை காஸ்டர் செமென்யாவைத் திருநங்கை என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பிழை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபையும் அப்படியே எழுதினார்கள். அதுவும் பிழை.

'பால்' என்பதே உடலுக்குள் பல அடுக்காக இருக்கிறது. குரோமோசோம், உள்ளே இருப்பவை சூலகங்களா விரைகளா என்பது, ஹார்மோன், அந்த ஹார்மோனுக்கு உடல் இணங்குகிறதா என்பது, வெளித்தோற்றம். மிகப் பெரும்பாலோருக்கு இவை எல்லாம் ஒரே திசையில் இருக்கும். சிலருக்கு இருப்பதில்லை. இரண்டு நிலைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் செய்திகளில் பாதி புரிந்துவிடும்.

ஒன்று, முழுமையான ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை, அதாவது ஆண் ஹார்மோன்களை உடல் ஏற்காத நிலை. ஆண்களுக்கு வழக்கமான எக்ஸ்ஒய் குரோமோசோம், உள்ளே விரைகள், இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எல்லாம் உண்டு. ஆனால் உடலின் செல்கள் அந்த ஹார்மோனைக் கண்டுகொள்வதே இல்லை. அது தசையிலும் எலும்பிலும் எந்த வேலையும் செய்யாது. இன்னொன்று, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு. டெஸ்டோஸ்டிரோனை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் நொதி வேலை செய்யாததால், கருவில் ஆண் உறுப்பு முழுமையாக உருவாவதில்லை. குழந்தை பெண்ணாகப் பதிவாகிறது. ஆனால் பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் தசையிலும் குரலிலும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. பிறந்த நாளில் இரு குழந்தைகளும் ஒன்றுபோலவே தெரிவார்கள். 18 வயதில் தடகளத்தில் ஒன்றுபோல இருக்கமாட்டார்கள்.

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு வரியை அடிக்கோடிடச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஒருவர் பெண் என்பதும், ஒரு குறிப்பிட்ட போட்டியின் பெண்கள் பிரிவில் ஓட அவருக்குத் தகுதி உண்டு என்பதும் இரு வேறு கூற்றுகள். இரண்டாவதற்கு 'இல்லை' என்று விதி சொல்லலாம். அதனால் முதலாவது பொய்யாகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக்குபவர்களால்தான் பெண்கள் நொறுங்கிப்போகிறார்கள்.

எல்லை எதற்கு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

உங்கள் மாணவிகளுக்கு இதை மறைக்காதீர்கள். பிரிவு ஏன் இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு விதி வெறும் தண்டனையாகத்தான் தெரியும். நான் 800 மீட்டரை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஆண்கள் உலக சாதனை, 2012 லண்டனில் டேவிட் ருடிஷா ஓடிய 1 நிமிடம் 40.91 விநாடி. பெண்கள் உலக சாதனை, 1983-இல் யார்மிலா க்ரடொச்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 விநாடி. இருவரும் ஒரே களத்தில் அந்த வேகத்தில் ஓடினால், ருடிஷா கோட்டைத் தொடும்போது உலகின் மிக வேகமான பெண் ஏறத்தாழ 87 மீட்டர் பின்னால் இருப்பார். நேர்க்கோட்டுப் பாதையில் கூம்புகளை வைத்து அந்த 87 மீட்டரை நான் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள். உயரம் தாண்டுதலில் 2.45 மீட்டருக்கு 2.10 மீட்டர். விகிதமாகப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரியது.

பருவ வயதுக்கு முன் இந்த இடைவெளி சிறியது. பிறகு டெஸ்டோஸ்டிரோன் அதை விரிக்கிறது: தசை, எலும்பின் நீளம், இதயத்தின் அளவு, இரத்தத்தில் ஹீமோகுளோபின். பெண்களுக்கு இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் வழக்கமான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 முதல் 1.8 நானோமோல். ஆண்களுக்கு 7.7 முதல் 29.4 வரை. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களில் சிலருக்குப் பெண்களின் வழக்கமான அளவைவிடச் சற்று மேலே போகும். அவர்களை எந்தத் தடகள விதியும் தடுக்கவில்லை. "உனக்கு நீர்க்கட்டி இருக்கிறதே, உன்னையும் தடுத்துவிடுவார்களா?" என்று தோழிகள் கேட்டதால் மாத்திரையையே நிறுத்திவிட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விரித்து எழுதுகிறேன்.

"கூடைப்பந்தில் உயரமானவரைத் தடுக்கிறோமா? இயற்கை தந்ததுதானே?" என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. என் பதில்: குள்ளமானவர்களுக்கு என்று நாம் தனிப் பிரிவு வைக்கவில்லை. பெண்களுக்கு வைத்திருக்கிறோம். அதை வைத்ததற்குக் காரணமே ஆண் பருவ வளர்ச்சி தரும் வலிமைதான். அந்த ஒரு வலிமையை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டால் பிரிவுக்குப் பொருள் இல்லாமல் போகிறது. ஆனால் எதிர்த் தரப்பின் இன்னொரு வாதம் என்னை இன்றும் உறங்கவிடுவதில்லை. ஊக்கமருந்து எடுக்காத, நோய் எதுவும் இல்லாத ஒரு பெண்ணை, ஓட வேண்டுமானால் ஹார்மோனைக் குறைக்கும் மருந்து சாப்பிடு என்று கட்டாயப்படுத்தலாமா? 2019-இல் உலக மருத்துவச் சங்கம், இந்த விதிகளை நடைமுறைப்படுத்துவதில் பங்கெடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களையே கேட்டுக்கொண்டது. எல்லையை ஏற்றுக்கொள்ளும் நான் அந்த மருந்தை ஏற்கவில்லை. தகுதி இல்லை என்று சொல்வது ஒன்று. உன் உடலை மாற்றிக்கொண்டு வா என்பது வேறு.

விதியைத் தேதியோடு படியுங்கள்

"உலக விதி இப்படி" என்று யாராவது சொன்னால், எந்த அமைப்பின் விதி, எந்த ஆண்டு விதி என்று கேளுங்கள். தடகளத்தில் மட்டுமே 14 ஆண்டுகளில் நான்கு வரையறைகள் வந்துவிட்டன. 2011-இல் டெஸ்டோஸ்டிரோனுக்கு லிட்டருக்கு 10 நானோமோல் என்ற உச்சவரம்பு. அதை எதிர்த்து வழக்காடிய இந்திய வீராங்கனை டூட்டி சந்த், 2015-இல் விளையாட்டு நடுவர் மன்றத்தில் அதை நிறுத்திவைக்கச் செய்தார். 2018-இல் 5 நானோமோல், அதுவும் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். 2023 மார்ச்சில் 2.5 நானோமோல், எல்லாப் போட்டிகளுக்கும். 2025 செப்டம்பர் 1 முதல் ஹார்மோன் அளவு பின்னுக்குப் போய், ஒய் குரோமோசோமில் இருக்கும், கருவில் விரைகள் உருவாகத் தூண்டும் எஸ்ஆர்ஒய் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு முறைச் சோதனை வந்துவிட்டது. அந்த மாதம் டோக்கியோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள இந்தச் சோதனை கட்டாயமானது. நீச்சலில் விதி வேறு, குத்துச்சண்டையில் வேறு. உங்கள் பிள்ளை ஓடும் பள்ளிப் போட்டிக்கு இவற்றில் எதுவும் பொருந்தாமலும் இருக்கலாம். போட்டி அறிவிப்பில் தகுதி விதி எங்கே எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர்கள் சிலரே பழைய விதியைச் சொல்வார்கள்.

விதிக்கு அடிப்படையாகக் காட்டப்படும் ஆய்வையும் விடாமல் பாருங்கள். 2018 விதிக்குப் பின்னால் நின்ற ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 2017-இல் வெளிவந்தது. அதை எழுதியவர்களே 2021-இல் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். ஹார்மோன்தான் வேகத்துக்குக் காரணம் என்று அது நிறுவவில்லை, அதில் இருந்த சில வாசகங்கள் வாசகரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சிலர் தங்களுக்குப் பிடித்த தூரத்தை ஓட முடியாமல் இருந்தார்கள். ஆண் பருவ வளர்ச்சி வலிமை தருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தப் போட்டியில், யாருக்கு, எவ்வளவு என்று விதி எழுதுபவர்கள் தசைநார் அறுவை செய்பவரின் கவனத்தோடு எழுத வேண்டும்.

2018 விதியை எதிர்த்து செமென்யா தொடுத்த வழக்கைப் பற்றிப் பேசும்போது, எந்த நீதிமன்றம் எதைச் சொன்னது என்று பிரித்துச் சொல்லுங்கள். 2019-இல் விளையாட்டு நடுவர் மன்றம், விதி பாகுபாடு காட்டுகிறது, ஆனாலும் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவையானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, அந்தத் தீர்ப்பை எதிர்த்து அவர் முறையிட்ட சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. விதி சரியா தவறா என்று அது தீர்ப்பளிக்கவில்லை. "செமென்யா வென்றுவிட்டார்" என்பதும் "தோற்றுவிட்டார்" என்பதும் பாதி உண்மை.

சோதனை என்று வந்தால்

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோவின் கதையைப் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1985, ஜப்பானின் கோபே நகரில் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. அவர் முன்பே சோதனை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தவர். அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தார். மீண்டும் சோதித்தார்கள். முடிவு வேறாக வந்தது: ஒய் குரோமோசோம் இருந்தது. காயம் என்று நடிக்கச் சொன்னார்கள். தன் அணியினர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தார். சில மாதம் கழித்து, உள்நாட்டுப் போட்டியிலிருந்தும் அப்படியே விலகச் சொன்னபோது மறுத்து ஓடினார், வென்றார். கதை பத்திரிகைக்குப் போய்விட்டது. உதவித்தொகை, சாதனைகள், மணம் செய்துகொள்ளவிருந்தவர் என எல்லாம் போயின. அவருக்கு இருந்தது முழுமையான ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை. அதாவது அந்த ஒய் குரோமோசோம் அவருக்கு ஓட்டத்தில் எந்த உதவியும் செய்யவில்லை. பின்லாந்தின் மரபியலாளர் ஆல்பர்ட் டெ லா ஷப்பெல் துணை நிற்க, 1988-இல் தகுதி திரும்பக் கிடைத்தது. 1992 ஒலிம்பிக் வாய்ப்பு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் கைநழுவியது.

அதற்கு முன் இன்னும் மோசமாக இருந்தது. 1966-இல் புடாபெஸ்ட் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் வீராங்கனைகளை உடையின்றி மருத்துவர்கள் முன் நிற்கவைத்தார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் கன்னத்தின் உட்புறச் செல்லை எடுத்துக் குரோமோசோம் பார்த்தார்கள். 1992 முதல் எஸ்ஆர்ஒய் மரபணு. 1996 அட்லாண்டாவில் சோதித்த 3,387 வீராங்கனைகளில் எட்டுப் பேருக்கு அந்த மரபணு இருப்பதாக வந்தது. எட்டுப் பேரையும் போட்டியிட அனுமதித்தார்கள். 1999-இல் சோதனையையே கைவிட்டார்கள். 26 ஆண்டுகள் கழித்துத் தடகளத்தில் அது திரும்பி வந்திருக்கிறது. அந்த மரபணுவை 1990-இல் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதை மட்டும் வைத்துப் பால் என்று முடிவு கட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறார். மரபணு இருக்கிறதா என்றுதான் சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, உடல் கேட்கிறதா என்று சொல்லாது. முழுமையான ஏற்பின்மை உள்ளவர்களுக்குத் தடகள அமைப்பு விதிவிலக்கு தருகிறது. அந்த விலக்கைக் கேட்டுப் பெற யாராவது அவளுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே நடைமுறையில்: மாதிரி எடுக்கும் முன் எது சோதிக்கப்படுகிறது, முடிவு யாருக்குப் போகும், மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், மறுசோதனை உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம். வயது 18-க்குக் கீழ் என்றால் பெற்றோருக்கு அவர்கள் மொழியில், நிதானமாக, விளக்கிச் சொல்ல வேண்டும். 'சாதாரண இரத்தப் பரிசோதனை' என்று சொல்லி மாதிரி எடுப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்தால் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று எப்போதும் பயணப் பையில் இருக்கட்டும். கோபேயை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரபணு 'இருக்கிறது' என்று முடிவு வந்தால் முதலில் வேறு மாதிரியில், வேறு ஆய்வகத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் கையாண்ட ஆணின் செல் கலந்தாலும் முடிவு மாறும். அதுவரை ஒருவரும் எதுவும் பேசக் கூடாது. காயம் என்று பொய் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். "தனிப்பட்ட காரணங்களால் கலந்துகொள்ளவில்லை" என்பது உண்மை, அது போதும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற நம் சாந்தி சௌந்தரராஜனுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பதக்கம் பறிக்கப்பட்டது மட்டுமில்லை, அவருடைய உடல் ஊரெல்லாம் பேசும் செய்தியானது. 2009 பெர்லினில் 18 வயது செமென்யா இறுதி ஓட்டத்துக்குப் போகும்போதே அவருடைய சோதனை பற்றிய செய்தி வெளியே கசிந்திருந்தது. விதி எதுவாக இருந்தாலும், இந்தக் கசிவைத் தடுப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

மருத்துவரிடம் போகும் வழி

பதினோரு நாளுக்குப் பிறகு என் மாணவி வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் மேல் கோபமில்லை மேடம். எனக்கு வரவில்லை என்று யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை" என்றாள். 17 வயதுவரை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

15 வயதுக்குள் மாதவிடாய் தொடங்காத எந்தப் பெண்ணையும், அவள் ஓடினாலும் ஓடாவிட்டாலும், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பருவம் தொடங்கியதும் எல்லா மாணவிகளிடமும் ஒரே மாதிரி, தனித்தனியாக, இதைக் கேட்பதை வழக்கமாக்குங்கள். எல்லாரிடமும் கேட்டால் ஒருத்திமேல் ஐயம் விழாது. ஓட்டக்காரிகளிடம் இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் பால் வேறுபாடு அல்ல. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்பச் சாப்பிடாததுதான். அது எலும்பையே கரைத்துவிடும். எனவே முதல் மருத்துவர் சந்திப்பின் நோக்கம் அவள் உடல்நலம். அவளுடைய தகுதியைப் பற்றிய பேச்சு அங்கே வரவே கூடாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையும், இயன்றால் மரபணு ஆலோசகரையும் பாருங்கள். அறைக்குள் தாய் வேண்டுமா, நீங்கள் வேண்டுமா, யாருமே வேண்டாமா என்று அவள் தீர்மானிக்கட்டும்.

பால் வேறுபாடு ஒன்று தெரியவந்தால், அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படுத்துபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் விரைகளால் புற்றுநோய் வரும் வாய்ப்பு வகைக்கு வகை மாறும். பல நிலைகளில் காத்திருந்து முடிவெடுக்க நேரம் உண்டு. 2013-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, வளரும் நாடுகளைச் சேர்ந்த 18 முதல் 21 வயதுவரையிலான நான்கு வீராங்கனைகளுக்குப் பிரான்ஸில் செய்த அறுவைச் சிகிச்சையைப் பதிவு செய்திருக்கிறது. விரைகளை மட்டும் எடுக்கவில்லை. ஓட்டத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாத பிறப்புறுப்புப் பகுதியையும் வெட்டியிருக்கிறார்கள். உகாண்டாவின் ஆனெட் நெகேசா, தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று முழுதாகத் தெரியாமலே அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானதாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பதக்கத்துக்காக ஒரு பெண்ணின் உடலில் கத்தி வைக்கும் அறைக்கு நாம் வழிகாட்டியாகப் போகக் கூடாது.

என் மாணவியின் முடிவு என்ன என்று கேட்பீர்கள். அது அவளுடையது. இங்கே எழுதமாட்டேன்.

திருநங்கை மாணவி வந்தால்

இது வேறு கேள்வி. 2022-இல் நீச்சல் அமைப்பும் 2023-இல் தடகள அமைப்பும், ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கைகளைச் சர்வதேசப் பெண்கள் பிரிவில் அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தன. டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் சில மாதத்தில் பெண்களின் அளவுக்கு இறங்குகிறது. தசை ஓராண்டில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே குறைகிறது. எலும்பின் நீளம் மாறுவதில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் விளையாட்டு வீரர்கள் அல்லாதவர்களைப் பற்றியவை, எண்ணிக்கையும் குறைவு. ஆனாலும் உயர்மட்டப் போட்டியில் அந்த முடிவு நியாயமானது என்பதே என் கருத்து. நீச்சலில் 2023 பெர்லின் உலகக் கோப்பையில் திறந்த பிரிவு அறிவித்தார்கள். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. காட்சிப்பொருளாகத் தனித்து நிற்க யார் வருவார்கள்?

ஆனால் அதிகாலைப் பயிற்சிக்குத் தரவரிசை கிடையாது, பதக்கம் கிடையாது. ஒரு திருநங்கை மாணவி என் குழுவில் ஓட வந்தால் ஓடுவாள். எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம், எதற்கு முடியாது என்பதை முதல் வாரத்திலேயே, தனியாக, உள்ளபடி சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் ஆசையை வளர்த்துவிட்டுப் பதிவு மேசையில் அவளைத் திருப்பி அனுப்புவது எல்லாவற்றிலும் கொடியது.

இரண்டாவதாக வந்தவள்

அன்று என் மாணவிக்குப் பின்னால் வந்த பெண்ணைப் பற்றி நான் நெடுநாள் நினைக்கவே இல்லை. கத்திய தந்தையைத்தான் நினைத்தேன். அவளும் விடியற்காலையில் எழுந்து ஓடியவள்தான். அவளுக்கு ஒரு நியாயமான கேள்வி இருக்கக்கூடும். அதைக் கேட்டால் பொறாமைக்காரி என்பார்கள். இப்படிப்பட்ட மாணவி உங்களிடம் வந்தால், "வாயை மூடு" என்று சொல்லாதீர்கள். உன் கேள்வி தவறல்ல, கேட்கும் இடம்தான் முக்கியம் என்று சொல்லுங்கள். சக ஓட்டக்காரியின் முகத்தையோ மார்பையோ காட்டிப் பேசுவதில்லை, படம் பகிர்வதில்லை, கைகொடுக்க மறுப்பதில்லை. விதியில் கேள்வி இருந்தால் நானே உன் சார்பில் எழுதித் தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி எழுதித் தாருங்கள். அடுத்த ஆண்டு அதே போட்டியில் அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பேசினேன். "அப்பா கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் யாரிடம் கேட்டிருக்க வேண்டும்?" என்றாள். போட்டி அலுவலரின் பெயரையும் புகார்ப் படிவம் எங்கே கிடைக்கும் என்பதையும் சொன்னேன். இப்போது என் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை

சோதனை நடக்கும் வாரங்களிலும், முடிவு வந்த பிறகும், முடிவு எதுவாக இருந்தாலும், அவளுடைய பயிற்சித் தாளை நிறுத்தாதீர்கள். "நீ ஓய்வெடு" என்று அன்பாகச் சொன்னாலும் அவள் காதில் "நீ வராதே" என்றுதான் விழும். தாளில் அவள் பெயர் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பதினோரு நாளுக்குப் பின் வந்தவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது: காலை 5.30 மணி, 300 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 52 விநாடி, நடுவில் மூன்று நிமிட நடை. ஐந்தாவதை 51-இல் ஓடினாள்.